ஜூன் ஒன்றாம் தேதிப் பிறந்தவர்கள்

இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கத்திரி வெயில் முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தும் அதன் உக்கிரம் விடைபெற மனமின்றி நின்றுகொண்டிருந்தது. விடியற்காலையில் மேற்கே திரண்ட மேகம் நான்கு தூறல் போட்டுப் புழுதியின் வாசனையைக் கிளப்பிவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் கலைந்து போயிற்று. குடமுருட்டியில் மணல்தான் தெரிந்தது. அணை திறந்து, தண்ணீர் வந்து, குறுவைக்கு நாற்று விட இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். ஆகையால் சுற்று வட்டாரத்து வயல்களும் சும்மா கிடந்தன. வயல்காரர்களும் சும்மா இருந்தார்கள். அன்று நடந்த காரியங்களுக்கு இந்த ஓய்வும் ஒரு காரணம் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில், ராஜகிரிக்குச் சற்று முன்னால், ஷேக் பரீத்தின் பிரியாணிக் கடை இருந்தது. எட்டு மேசை, முப்பத்திரண்டு நாற்காலி, ஒரு குளிர்பதனப் பெட்டி, பின்புறம் ஒரு வேப்பமரத்துடன் கூடிய பெரிய காலியிடம். ரமலான் பெருநாளுக்கு மறுவாரம் திறக்கப்பட்ட அந்தக் கடையில், முதல் பத்து நாட்கள் உறவினர்கள் வந்து வாயார வாழ்த்தி வயிறாரச் சாப்பிட்டுச் சென்றார்கள். அதன் பிறகு நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ஷேக் பரீத் நாற்பத்தேழு வயதுடையவர். அதில் பத்தொன்பது ஆண்டுகளைச் சவூதியின் தம்மாம் நகரத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் தொழிலாளர் முகாமில், சமையற்கூடத்து நெருப்பின் முன்னால் கழித்தவர். இம்முறை விடுப்பில் வந்தவருக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. "இங்கேயே பொழச்சுக்கலாம் புள்ள" என்று மனைவி ஹாஃபிஸாவிடம் சொன்னார். இந்த வார்த்தைக்காகப் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்த ஹாஃபிஸா, அதைக் கேட்ட மறுநாளே கடைக்கு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

ஆனால் திரும்பிப் போவதற்கான விசா ஜூன் நான்காம் தேதியுடன் முடிவதாக இருந்தது. ஹாஃபிஸாவின் அண்ணன் இப்ராஹிம், அதே நிறுவனத்தில் பண்டகக் காப்பாளர்; அவரும் விடுப்பில் வந்திருந்தார். அவர் செவ்வாய்க்கிழமை விமானத்தில் இரண்டு இருக்கைகளைப் பதிவு செய்து வைத்திருந்தார். பக்ரீத் பெருநாளுக்கு நான்கு நாள் முன்னால் புறப்பட வேண்டும். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் மச்சான் டைமு. அதுக்கு மேல டிராவல்ஸ்காரன் டிக்கெட்டை மாத்த மாட்டான். வர்றியா, வரலையா?" என்று அவர் கேட்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இது. கடை பிழைக்குமா என்பது ஷேக் பரீத்துக்குத் தெரியவில்லை. பிழைக்காத கடைக்காக வேலையை விடும் துணிவும் அவரிடம் இல்லை.

கடை ஏன் ஓடவில்லை என்பதை அறிந்தவள் ஹாஃபிஸா ஒருத்தியே. அறிந்தும் அவள் வாய் திறக்கவில்லை. முகாமில் அறுநூறு பேருக்குச் சமைத்துப் பழகிய அவர் கைக்கு நாலு கிலோ அரிசிக்கு உப்புப் போடத் தெரியவில்லை. ஒரு நாள் கரித்தது, மறுநாள் சப்பென்றிருந்தது, மூன்றாம் நாள் சரியாக இருந்தபோது சாப்பிட ஆள் இல்லை.

எனவே அவள் ஒரு யோசனை சொன்னாள். பிறந்தநாள் கொண்டாடுகிறவருக்கு ஒரு பிரியாணி இலவசம் என்று அறிவித்தால் என்ன? பிறந்தநாள்காரர் தனியாக வரமாட்டார். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாட்கள். ஒரு நாளைக்கு ஒருவரோ இருவரோ வந்தால் அதிகம். பொய் சொல்லி வருகிறவர்களைத் தடுக்க ஓர் ஏற்பாடும் அவளே செய்தாள்: அட்டையைக் காட்ட வேண்டும். செம்பனூரைச் சேர்ந்த செழியன் என்ற பிளக்ஸ் அச்சடிப்பவர் அதைச் சிவப்பும் பச்சையுமாக அடித்துக் கொடுத்தார்.

"உங்கள் பிறந்தநாளில் நீங்கள் எங்கள் விருந்தாளி! அரசு அடையாள அட்டையில் அச்சிடப்பட்டுள்ள பிறந்த தேதியைக் காட்டி ஒரு பிரியாணியை அன்புடன் பெற்றுக்கொள்ளுங்கள். ஜூன் 1 முதல்."

அச்சடித்துக் கொடுக்கும்போது செழியன் புன்னகை செய்தார். தொழில் மரியாதையாக இருக்கும் என்று ஷேக் பரீத் எண்ணிக்கொண்டார்.

முற்பகல் பதினொன்றரை மணிக்கு முதல் விருந்தாளி வந்தார். அவர் செழியன்.

"வாங்க தம்பி. பாக்கி ஏதும் இருக்கா?" என்றாள் கல்லாவில் இருந்த ஹாஃபிஸா.

"அதெல்லாம் இல்லக்கா. இன்னைக்கு எனக்குப் பொறந்த நாள்" என்று சொல்லி ஆதார் அட்டையை நீட்டினார் செழியன். முதலாம் தேதி, ஆறாம் மாதம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு.

"அட! போர்டு அடிக்கும்போது சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையேக்கா."

அனைவரும் சிரித்தார்கள். முதல் நாளே ஒருவர் வந்துவிட்டார் என்று ஷேக் பரீத் உள்ளுக்குள் மகிழ்ந்தார். செழியனுக்குப் பின்னால் அவருடைய அக்காள் வந்தாள். அவளும் அட்டையை நீட்டினாள். முதலாம் தேதி, ஆறாம் மாதம். ஆண்டு மட்டும் வேறு. "அக்கா தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே நாளா? மாஷா அல்லாஹ்!" என்று ஹாஃபிஸா வியந்தாள். அக்காளுக்குப் பின்னால் அவள் கணவர். அவருக்கும் அதே தேதி. ஹாஃபிஸாவின் வியப்பு அந்த இடத்தில் நின்று, வேறொன்றாக மாறத் தொடங்கியது.

அப்போது சாலையில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. அதன் டிரெய்லரில் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு மினி பஸ். அதற்கும் பின்னால் மூன்று மூன்று பேராக மோட்டார் சைக்கிள்கள். எல்லாரும் குளித்து, வெளுத்த துணி உடுத்து, நெற்றியில் விபூதி துலங்க, கையில் ஆளுக்கோர் அட்டையுடன் இறங்கினார்கள். செம்பனூர் கிராமத்தில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் நடக்கக்கூடிய அனைவரும் அங்கே இருந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

பாயில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த இப்ராஹிம் எழுந்து வந்தார். ஒவ்வோர் அட்டையாக வாங்கிப் பார்த்தார். ஜூன் ஒன்று. ஜூன் ஒன்று. ஜூன் ஒன்று.

"ஏங்க, ஒரே ஊர்ல ஒரே தேதியில இத்தனை பேரா பொறந்தீங்க? அந்த ஊரு மருத்துவச்சி கையி என்னத்துக்கு ஆகியிருக்கும்!"

"வருஷம் வேற வேற பாய், நல்லாப் பாருங்க" என்றார் வரிசையில் முதலில் நின்ற பெரியவர். அவர் பெயர் சாரங்கபாணி. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கோப்பில் உள்ளபடி பேசுகிறவர். "எங்க ஊரு பள்ளிக்கூடத்துல ஒரு ஹெட்மாஸ்டர் இருந்தாரு. முப்பது வருஷம் அவருதான். புள்ளையச் சேக்க வந்தா, வலது கையத் தலைக்கு மேல கொண்டுபோயி எடது காதத் தொடச் சொல்லுவாரு. தொட்டுட்டா அஞ்சு வயசு ஆயிடுச்சு. எந்த மாசம், எந்த தேதின்னு எங்க அப்பா அம்மாவுக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடம் தொறக்குறது ஜூன் ஒன்னு. அதையே எல்லாருக்கும் எழுதிட்டாரு."

"பள்ளிக்கூடம் போகாதவங்க?"

"ஆதார் எடுக்க வந்த பையன் தேதி கேட்டான். ஊர்ல எல்லாரும் சொல்ற தேதியச் சொன்னோம்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பதில் சொல்லிற்று.

இப்ராஹிம் ஷேக் பரீத்தைச் சமையலறை வாசலுக்கு இழுத்துச் சென்றார். "மச்சான், ஷட்டரை எறக்கு. பிரியாணி தீந்துடுச்சுன்னு சொல்லு. இதெல்லாம் நெசமான பொறந்த நாளே இல்லையே! நம்மள ஏமாத்துறாங்க."

"யாரும் ஏமாத்தலண்ணே. நெசமான பொறந்த நாளுன்னா போர்டுல போட்டோம்? அட்டையில உள்ள தேதின்னுதானே போட்டோம். போட்டது நானு" என்றாள் ஹாஃபிஸா. அவள் முகம் வெளுத்திருந்தது. கணவரைத் தன்னுடன் நிறுத்திக்கொள்ளச் செய்த ஏற்பாடே அவரை விமானத்தில் ஏற்றிவிடப் போகிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் பேசியது சாரங்கபாணியின் காதில் விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை, மனத்திலிருந்த கோப்பைப் பிரித்தார்.

"பாய், ஒரு விசயம் சொல்றேன், கேளுங்க. நான் நெசமாப் பொறந்தது தை மாசம். அட்டையில ஜூனு. இந்தத் தேதியை வச்சுத்தான் எட்டு மாசம் முன்னாடியே என்னை வீட்டுக்கு அனுப்புனாங்க. 'ஐயா, இது பொய்த் தேதி'ன்னு எழுதிக் குடுத்தேன். 'அட்டையில உள்ளதுதான் செல்லும்'னாங்க. ஓட்டுக்குச் செல்லுது, ரேஷனுக்குச் செல்லுது, ரயிலுக்குச் செல்லுது. ஒங்க பிரியாணிக்கு மட்டும் செல்லாதா?"

தோற்றுப் போனதை ஒப்புக்கொள்ள விரும்பாத இப்ராஹிம், அட்டைகளை மேலும் நுணுக்கமாக ஆராயத் தலைப்பட்டார். அம்சவல்லி என்ற பெண்மணியின் அட்டையை எடுத்தார்.

"இது நீங்க இல்லையே?"

"நான்தாங்க அது. கண்ண நல்லாத் தொறங்கன்னு அந்தப் பையன் ஒரு அதட்டு அதட்டுனான். பயந்துட்டேன்."

"கதவு எண் நாலு, வடக்குத் தெருன்னு இருக்கு?"

"அந்த வீடு கஜா புயல்ல போச்சுங்க. இப்ப நாங்க மேலத் தெரு."

"கணவர் பேரு...?"

"அந்த மனுசனும் போயிட்டாரு."

"அப்ப இந்த அட்டையில எதும்மா சரியா இருக்கு?"

அம்சவல்லி அட்டையைத் திருப்பி வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்து, சற்று யோசித்துச் சொன்னாள். "பொம்பளைன்னு போட்டுருக்குங்க. அது சரி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இப்ராஹிமும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அடுத்த அட்டையை வாங்கியவர் முகத்தில் திடீரென்று ஓர் அதிகாரக் களை வந்தது.

"இந்தா! இது பிப்ரவரி பதினேழு. இது செல்லாது."

அட்டைக்குரியவள் ஜெயபாரதி. செம்பனூர் ஊராட்சியின் வார்டு உறுப்பினர்; டிராக்டரும் அவளுடையதே. நாற்பத்து நான்கு வயது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறவள்.

"அவதாங்க எங்க ஊர்ல நெசமாப் பொறந்தவ!" என்று அம்சவல்லி கூவினாள். மறுபடியும் சிரிப்பு எழுந்தது. சாரங்கபாணி விளக்கினார்: ஜெயபாரதியின் தாயாருக்குப் பிரசவம் கடினமாகித் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மணி, நிமிடம் வரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்த தலைமையாசிரியருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

"பள்ளிக்கூடத்துல இவ ஒருத்திய மட்டும் 'வெளியூர்க்காரி'ன்னுதான் கூப்புடுவோம்" என்றார் செழியனுடைய அக்காளின் கணவர்.

"நான் ஒன்னும் சாப்புட வரலீங்க. வண்டி எங்களுது, கூட்டியாந்தேன். நெழல்ல ஒக்காந்துக்கிறேன்" என்று சொல்லி, ஜெயபாரதி தன் அட்டையை மடியில் செருகிக்கொண்டாள். அவள் குரலில் வருத்தம் இல்லை. ஆனால் பழக்கம் இருந்தது. சிறு வயது முதல் கேட்டுக் கேட்டுத் தழும்பேறிய பழக்கம்.

ஷேக் பரீத் சமையலறை வாசலில் நின்று இவை அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் உண்மையான தேதி உள்ளவர் ஒருவர். அவருக்குச் சாப்பாடு இல்லை. பொய்யான தேதி உள்ளவர்கள் நூற்றறுபது பேர், அவர்களுக்குப் பிரியாணி. இப்படி ஒரு சட்டத்தைத் தம் கடை வாசலில் தாமே கட்டித் தொங்கவிட்டிருக்கிறோமே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே இருந்த சட்டியிலோ நாற்பது பேருக்குத்தான் இருந்தது. அதிலும் இன்று உப்பு எப்படியோ!

அவர் தலையை நிமிர்த்தி வரிசையைப் பார்த்தார். வாசலிலிருந்து சாலையோரப் புளியமரம் வரை ஆட்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பசியோடு, ஆனால் பொறுமையோடு, ஒருவரையொருவர் கேலி பேசிக்கொண்டு நின்றார்கள். அந்தக் காட்சியை அவர் எங்கே பார்த்திருக்கிறார்? பத்தொன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் பார்த்தது அதைத்தான். எட்டு மேசைக்கு எவ்வளவு என்று தெரியாமல் தடுமாறியவர், அந்த வரிசையைப் பார்த்ததும் எத்தனை கிலோ அரிசி என்று மனத்துக்குள் கணக்குப் போட்டார்.

"ஹாஃபிஸா, வாடகைப் பாத்திரக் கடைக்குப் போன் போடு. நாலு ஆள் தூக்குற தேக்சா ரெண்டு வேணும், மூடியோட. அடுப்புக்கு மூனு கல்லு, சவுக்கு வெறகு. மச்சான், நீங்க எதுத்த கடையில இருபத்தஞ்சு கிலோ சீரகச் சம்பா மூட்டை ஒன்னு எறக்குங்க."

"மச்சான், யோசிச்சுத்தான் பேசுறியா?"

"யோசிக்கல மச்சான். அதான் தெளிவா இருக்கேன்."

அடுத்த வீட்டுக் கறிக்கடை இர்பான், ஞாயிற்றுக்கிழமைக் கோழியில் மிச்சமிருந்த அத்தனையையும் கொடுத்தனுப்பினார். வேப்பமரத்தடியில் அடுப்புக் கூட்டப்பட்டது. வெங்காயம் உரிப்பதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை; நிழலில் உட்கார்ந்திருந்த ஜெயபாரதி எழுந்து வந்து, நூறு நாள் வேலையில் ஆட்களைப் பிரித்து நிறுத்துவது போல், கூட்டத்தை ஐந்தாறு குழுக்களாகப் பிரித்துவிட்டாள். "பொறந்த நாளு கொண்டாடுறவுங்கல்லாம் வாங்க. ஓசியிலயா திங்கப் போறீங்க? ஆளுக்கு பத்து வெங்காயம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் சாரங்கபாணி கூடச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெங்காயத்தின் காரத்தில் செம்பனூரே கண்ணீர் விட்டது.

ஷேக் பரீத் தேக்சாவின் முன்னால் நின்றார். எண்ணெய் காய்ந்தது, பட்டையும் கிராம்பும் பொரிந்தன, வெங்காயம் பொன்னிறமாயிற்று. இஞ்சி பூண்டு விழுந்தபோது எழுந்த மணம் சாலையில் போன பேருந்தின் ஓட்டுநரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. உப்பைக் கைநிறைய அள்ளினார். ஒன்று, இரண்டு, மூன்று என வீசினார். நான்காவது கையில் பாதியை வீசி, மீதியைத் திரும்ப உப்புப் பாத்திரத்தில் போட்டார். அளக்கவில்லை, ருசி பார்க்கவும் இல்லை.

தம் போட்டு, மூடியின் மேல் கங்கு பரப்பிய பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தில், வேப்பமர நிழலில், அவர் இயல்பாகக் கேட்டார். "அப்ப நெசமா நீங்கல்லாம் எப்பத்தான் பொறந்தீங்க?"

அவர் எதிர்பாராத வண்ணம் எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது. அம்சவல்லி ஐப்பசி மாதம், பரணி நட்சத்திரம், அடைமழை, வாய்க்கால் உடைந்த அன்று. செழியன் ஆவணி உத்திரட்டாதி. அவர் அக்காளின் கணவர், சம்பா அறுப்பில், களத்து மேட்டில், கதிர்க்கட்டை இறக்கிவைத்த கையோடு தாய்க்கு வலி எடுத்து. தேதி தெரியாதவர் பலர். நட்சத்திரம் தெரியாதவர் ஒருவர் கூட இல்லை.

"இதெல்லாம் தெரிஞ்சும், அட்டையில மாத்தணும்னு தோணலையா?" என்று இப்ராஹிம் கேட்டார். இப்போது அவர் குரலில் அதிகாரம் இல்லை.

"ரெண்டு பேரு மாத்தப் போனாங்க. அலைய விட்டதுல செருப்புதான் மாத்துனாங்க" என்றார் செழியன்.

சாரங்கபாணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் அதப் பத்தி ரொம்ப நாளு யோசிச்சேன் பாய். ரிட்டயர்டு ஆன கோவத்துல யோசிச்சேன். அது நாங்க பொறந்த நாளு இல்ல. நாங்கள்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ள போன நாளு. எங்க அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்க ஊர்ல மொத மொத காதத் தொட்டுட்டு உள்ள போயி ஒக்காந்தவங்க நாங்க. அதத்தான் அந்த அட்டை சொல்லுது. என்ன, சொல்றதத் தப்பான தலைப்புல சொல்லுது."

அரை மணி ஆனதும் ஷேக் பரீத் கங்கைத் தள்ளி மூடியைத் திறந்தார்.

மேகம் போல ஆவி எழுந்தது. அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல், சின்னச் சின்னதாக, முல்லை மொக்குப் போல நின்றது. இப்ராஹிம் ஒரு கரண்டி வாங்கி வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார்.

"மச்சான்... இது நம்ம கேம்ப்பு வெள்ளிக்கெழமச் சாப்பாடு."

"உப்பு?"

"அப்புடியே இருக்கு. இத்தனை நாளு கடையில எனக்கு என்னத்தப் போட்ட நீ?"

ஹாஃபிஸா ஒரு பருக்கையை வாயில் இட்டாள். கணவரைப் பார்த்தாள். இரண்டு மாதமாக அவள் சொல்லத் தயங்கியதை அவரே புரிந்துகொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "சின்னச் சட்டி எனக்கு ஆவாது புள்ள" என்றார் அவர், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போலவும் பரிசு பெற்றவர் போலவும்.

பந்தி தொடங்கியது. மேசைகளை வெளியே எடுத்துப் போட்டு, போதாமல் தார்ப்பாய் விரித்து, இலை போட்டார்கள். முதலில் அட்டை, பிறகு இலை என்று இப்ராஹிம் கொஞ்ச நேரம் முறை வைத்துப் பார்த்தார். இரண்டாவது பந்தியில் அட்டையைக் கேட்க மறந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கங்கம்மா" என்று வாளியோடு ஓடினார். வழியோடு போனவர்கள் வண்டியை நிறுத்தி, இது எந்த வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்தார்கள்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் ஷேக் பரீத் ஓர் இலையைத் தாமே எடுத்துச் சென்று ஜெயபாரதியின் முன்னால் வைத்தார். "மெம்பரம்மா, ஒக்காருங்க. எல்லாத்தையும் நீங்கதான் நடத்துனீங்க."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "கோவிச்சுக்காதீங்க பாய். இவங்கல்லாம் போர்டுல போட்டபடி வந்து சாப்புட்டாங்க. நானும் போர்டுல போட்டபடிதான் சாப்புடுவேன். பிப்ரவரி பதினேழு வர்றேன்."

"அதுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கே!"

"இருக்கட்டுமே. பொறந்த நாளு ஒன்னு எனக்கு உருப்படியா இருக்கு, அத நான் ஏன் விடணும்? ஆனா ஒன்னு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. அப்ப நீங்க இங்க இருப்பீங்கல்ல? வெளிநாட்டுலேந்து வந்து கடை தொறக்குறவங்க நெறையாப் பேரப் பாத்துட்டேன். மூனு மாசம் இருப்பாங்க. அப்புறம் ஷட்டர்ல பூட்டுத்தான் தொங்கும்."

வாளியைக் கழுவிக்கொண்டிருந்த இப்ராஹிம் நிமிர்ந்தார். கல்லா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ஹாஃபிஸாவின் கை நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, முதுகாலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஷேக் பரீத் தேக்சாவைப் பார்த்தார். அடியில் நாலைந்து இலைக்குத்தான் மிச்சம் இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாகத் தாம் செய்த வேலை தம்மாமில்தான் செய்யத்தக்கது என்று அவர் நம்பியிருந்தார். குடமுருட்டிக் கரையிலும் ஆட்கள் கூட்டமாகத்தான் பசிக்கிறார்கள் என்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

"இருப்பேன்" என்றார்.

ஒரு சொல்தான். ஆனால் சொன்ன பிறகு அவருக்கே அது பழைய சொல்லாகத் தோன்றிற்று. வெகு நாளாக வாயில் ஊறிக்கொண்டிருந்த சொல்.

"அப்ப ஒக்காருங்க, பேசுவோம்" என்று ஜெயபாரதி இலையின் முன்னால் சம்மணம் போட்டாள். "வர்ற ஆனி மாசம் எங்க அக்கா பேத்திக்குக் காதுகுத்து. நானூறு பேரு வருவாங்க. கெடா நாங்க புடிச்சுத் தர்றோம். ஒங்க முறைப்படி அறுத்து, நீங்கதான் ஆக்கிப் போடணும். இந்த எலையில இப்பப் போடுங்க."

"சாப்புட மாட்டேன்னீங்களே?"

"அது பொறந்த நாளு சாப்பாடு. இது வேற. சமையக்காரர் வைக்கிறவ ருசி பாக்காம வைப்பாளா?"

அவள் பிசைந்து ஒரு வாய் போட்டுவிட்டு, மறு கையால் இன்னும் கொஞ்சம் என்று சைகை செய்தாள். அதைப் பார்த்த செழியன், தம் மகளின் சடங்குக்கும் இவரையே வைத்தால் என்ன என்று அக்காளின் காதில் சொன்னார். அக்காள் அதைத் தன் கணவரிடம் சொன்னாள். சாரங்கபாணி தம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் ஷேக் பரீத்தின் கைப்பேசி எண்ணை எழுதி, இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டார்.

இப்ராஹிம் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கைப்பேசியுடன் புளியமரத்தடிக்குச் சென்றார். ஹாஃபிஸா பின்னாலேயே போனாள். "அண்ணே, கோவமா?"

"கோவம் என்ன கோவம். வெள்ளிக்கெழம நான் எங்க போயி சாப்புடுவேன், அதான்" என்றார் அவர். பிறகு பயண முகவரிடம் பேசினார். "ஆமாங்க, ரெண்டுல ஒன்னு கேன்சல். ஷேக் பரீத்ங்கிற பேருல உள்ளது... என்னது? பொறந்த தேதியா?" அவர் கைப்பேசியை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு கத்தினார். "மச்சான்! ஒன் பொறந்த தேதி என்ன? சரிபாக்கணுமாம்!"

"அக்டோபர் இருபத்தி மூனு!"

"பத்தொன்பது வருஷம் ஒரே ரூம்ல படுத்து எந்திரிச்சிருக்கேன், இது தெரியல பாத்தியா" என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, அவர் அந்தத் தேதியை முகவருக்கு நிதானமாக எடுத்துரைத்தார். மறுமுனையில் விசைகளைத் தட்டும் ஓசை கேட்டது. பிறகு, ஆயிற்று என்று சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை விமானத்தின் இரண்டு இருக்கைகளுள் ஒன்று இவ்வாறு காலியானபோது, மாலை மணி நான்கு நாற்பத்தேழு.